ஒரு மானுக்கு வருடத்துக்கு எத்தனை பவுண்டு?

மானைத் துரத்திக்கொண்டு போனதற்கு உலகத்திலேயே அதிக விலை கொடுத்தவர் ராமபிரான்தான். சீதை கேட்டது ஒரே ஒரு மான். முடிவில் ஆன செலவு: கடலுக்குக் குறுக்கே ஒரு பாலம், ஒரு யுத்தம், எரிந்துபோன ஒரு நகரம். அவருக்கு அடுத்தபடியாக மானுக்காகக் காசை வாரி இறைத்தவர்கள் யார் என்று கேட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மலைகளுக்கு வேட்டைக்குப் போன சீமான்கள் என்று சொல்லுவேன்.

பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று வரவுதான் கண்ணில் படும். சரித்திரம் படித்தாலும் "இதற்கு யார் பணம் கட்டினார்கள்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அந்தக் கண்ணோடுதான் இந்த மான் வேட்டையையும் பார்த்தேன்.

முதலில் இந்த வேட்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். குதிரை மேல் ஏறி நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்துவார்களே, அது இல்லை. இது பதுங்கிப் போகிற வேட்டை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, மானுக்கு நம் வாசனை போகாதபடி சுற்றி வளைத்து, சேற்றிலும் ஈரப் புல்லிலும் வயிற்றால் ஊர்ந்து, கிட்டப் போய் ஒரே ஒரு தோட்டா. வழி காட்டுவது, எந்த மானைச் சுடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் எஸ்டேட்டின் வேட்டைக்காரர்தான். கூடவே ஓர் உதவியாள் வருவார், அவருக்குப் பெயர் கில்லி. (விஜய் படம் இல்லை சார்! கேலிக் மொழியில் பையன் என்று அர்த்தம்.) செத்த மானை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வர ஒரு மட்டக்குதிரை. பணம் கொடுத்து வந்தவர் செய்கிற வேலை, விசையை அழுத்துவது மட்டும்.

இதை ஒரு கலையாக எழுதி வைத்தவர் வில்லியம் ஸ்க்ரோப். அவருடைய புத்தகம் 1838-ல் வந்தது. 1848-ல் விக்டோரியா மகாராணியும் கணவர் ஆல்பர்ட்டும் பால்மொரல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1852-ல் அதை விலைக்கே வாங்கிவிட்டார்கள். ஆல்பர்ட்டுக்கு மான் வேட்டையில் பைத்தியம். ராஜா வீட்டில் ஒன்று செய்தால் பணக்காரர் வீட்டிலும் செய்ய வேண்டாமா? 1851-ல் லாண்ட்சியர் வரைந்த பெரிய கொம்பு மான் ஓவியம் வீட்டுக்கு வீடு பிரதியாகத் தொங்கியது. (அசல் ஓவியத்தை 2017-ல் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடம் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.) 1863-ல் பெர்த்திலிருந்து இன்வர்னஸ் வரை ரயில் பாதை வந்தது. அதற்குப் பிறகு லண்டன் கனவான்கள் ஆகஸ்டு மாதம் பிறந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவார்கள்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். முதல் பெரிய தலைப்பு, மலைக்கு வருடக் குத்தகை. அடுத்தது மாளிகையைப் பராமரிப்பது. பிறகு வேட்டைக்காரர், கில்லிகள், காவலாளிகளுக்குச் சம்பளம். குதிரைத் தீனி, நாய்த் தீனி. கூட வரும் விருந்தாளிகளின் சாப்பாடும் ஒயினும் தனி. வேட்டை நடப்பது இரண்டு மூன்று மாதம். மலையைக் காப்பதோ வருடம் முழுக்க.

இதில் அரசாங்கத்துக்குப் போனது எவ்வளவு? 1860-ம் வருடச் சட்டப்படி வேட்டை லைசென்ஸ் வருடத்துக்கு 3 பவுண்டு. 1869 முதல் ஆண் வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் 15 ஷில்லிங் வரி, வேட்டைக் காவலாளிகளும் இதில் சேர்த்தி. 1878 முதல் நாய்க்கு ஏழரை ஷில்லிங். ஆறு ஆட்கள், நாலு நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு நாலரை பவுண்டு, நாய்களுக்கு ஒன்றரை பவுண்டு, லைசென்ஸ் 3 பவுண்டு. ஆக மொத்தம் 9 பவுண்டு. பல ஆயிரம் ஏக்கரை வளைத்துப் போட்டு விளையாடுகிறவர் இந்த மூன்று இனத்திலும் கஜானாவுக்குக் கட்டியது அவ்வளவுதான்.

எவ்வளவு நிலம் இப்படிப் போனது? 1884-ல் வந்த நேப்பியர் கமிஷன் அறிக்கை மான் காடுகளின் பரப்பைச் சுமார் 20 லட்சம் ஏக்கர் என்றது. 1912-ல் அது 35 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. நம் கணக்கில் சொன்னால் தமிழ்நாட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. காடு என்றதும் மரம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேச்சில் "மான் காடு" என்றால் வேட்டைக்கு ஒதுக்கிய நிலம், அவ்வளவுதான். பெரும்பாலும் மொட்டை மலை.

அந்த நிலத்தில் முன்பு மனிதர்கள் இருந்தார்கள். ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஊர்களைக் காலி செய்தது மானுக்காக இல்லை, ஆட்டுக்காக. 1810-களில் சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்தில் குடியானவர்களைக் கிளப்பிக் கடலோரத்துக்குத் தள்ளிவிட்டு, ஆட்டுப் பண்ணை போட்டார்கள். பலர் கப்பலேறி நோவா ஸ்கோஷியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள், சிலர் கிளாஸ்கோ ஆலைகளுக்கு. பிறகு அதே ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மலிவாகக் கம்பளியும் உறைய வைத்த இறைச்சியும் வர, ஸ்காட்லாந்தில் ஆட்டுப் பண்ணை கட்டுப்படியாகவில்லை. காலியான மலையை நிலச்சுவான்தார்கள் வேட்டைக்கு வாடகைக்கு விட்டார்கள். கிளம்பிப் போன ஜனங்கள் திரும்பி வர இருந்த வாய்ப்பும் அத்தோடு போயிற்று.

இந்தக் கதையில் மறக்க முடியாத ஆசாமி வில்லியம் லூயிஸ் வினான்ஸ். அமெரிக்காவில் பால்டிமோர்க்காரர். ரஷ்யாவில் ரயில்வே காண்டிராக்டில் சம்பாதித்த குடும்பம். 1880-களில் ஸ்காட்லாந்தின் வடக்கே 2 லட்சம் ஏக்கருக்கு மேல் மான் வேட்டைக்குக் குத்தகை பிடித்திருந்தார். கின்டெயில் என்ற இடத்தில் முர்டோ மக்ரே என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவர் வீட்டுக் குழந்தைகள் வளர்த்த ஓர் ஆட்டுக்குட்டி வினான்ஸின் நிலத்தில் மேய்ந்துவிட்டது. ஒரே ஓர் ஆட்டுக்குட்டி! 2 லட்சம் ஏக்கர்க்காரர் கோர்ட்டுக்குப் போனார். மேல் கோர்ட் வரை இழுத்து 1885-ல் தோற்றார். ஒரு நஷ்டமும் ஆகாத விஷயத்துக்குத் தடை உத்தரவு கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் செலவையும் மான் வேட்டைக் கணக்கில்தான் எழுத வேண்டும், இல்லையா?

(இவருடைய மகன் வால்ட்டர் வினான்ஸ் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடும் மான் பொம்மையைச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கினார். அப்படி ஒரு போட்டியே இருந்தது!)

வினான்ஸ் 1897-ல் இறந்தார். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அவர் சொத்துக்கு வரி கேட்டது பிரிட்டிஷ் அரசு. கடைசி 37 வருடத்தில் பெரும்பகுதி அவர் வாழ்ந்தது பிரிட்டனில்தான். ஆனாலும் அவர் மனதில் நிரந்தர வீடு அமெரிக்காதான், என்றாவது திரும்பிப் போவதாகத்தான் நினைத்திருந்தார், ஆகவே வரி கிடையாது என்று 1904-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

வேலைக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும். "ரிட்டையர் ஆனதும் ஊர்ப்பக்கம் போய்விடுவோம்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தானே நாம்? சொந்த ஊராக நினைக்காதவருக்கு அந்த மலை இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொந்த ஊராக நினைத்தவர்களுக்கு அது இல்லை.

இன்னொரு கணக்கு நம்ம மும்பைக்கே வருகிறது. லூயிஸ் என்று ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவு. அதை 1844-ல் 1,90,000 பவுண்டு கொடுத்து வாங்கியவர் ஜேம்ஸ் மாத்திசன். ஜார்டின் மாத்திசன் கம்பெனியின் மாத்திசன்தான். பணம் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன அபினி. அந்தக் கம்பெனிக்குப் பம்பாயிலிருந்து மாள்வா அபினி அனுப்பிய பெரிய கூட்டாளி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். அவர் கொடையில் எழுந்ததுதான் 1845-ல் திறந்த ஜேஜே ஆஸ்பத்திரி. ஒரே வியாபாரம். ஒரு பங்காளியின் லாபம் இங்கே ஆஸ்பத்திரி ஆயிற்று, இன்னொருவரின் லாபம் அங்கே தீவாயிற்று. 1850-களின் தொடக்கத்தில் மாத்திசன் அந்தத் தீவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்.

அவர் மறைந்த பிறகு நிலம் அவர் மனைவி கையில். லூயிஸ் தீவில் பார்க் என்ற பகுதியில் ஆட்டுப் பண்ணைக் குத்தகை முடிந்ததும், நிலமில்லாத ஜனங்கள் தங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. 1886-ல் அதை ஓர் ஆலை முதலாளிக்கு மான் காடாகக் குத்தகைக்கு விட்டார்கள். 1887 நவம்பரில் நூற்றுக்கணக்கான ஆண்கள் துப்பாக்கியோடு உள்ளே புகுந்து மான்களைச் சுட்டு, படகுப் பாய்களால் கூடாரம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டார்கள். தப்பி ஓடவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், உலகத்துக்குத் தெரியட்டும் என்பதுதான் நோக்கம். அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது. 1888 ஜனவரியில் எடின்பரோவில் விசாரணை. ஜூரிகள் குற்றமில்லை என்று விடுதலை செய்துவிட்டார்கள்.

இன்றைய கதை என்ன? எஸ்டேட்டுக்கு விருந்தாளியாகப் போய் ஒரு நாள் வேட்டையாட, ஒரு கொம்பு மானுக்குப் பல நூறு பவுண்டு. இதில் ஒரு விஷயம் தெரியுமோ? இறைச்சி எஸ்டேட்டுக்குத்தான். தலையும் கொம்பும் மட்டும் உங்களுக்கு. சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்கிறவர் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். 88 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 பிப்ரவரியில் 198 ஆயிற்று. ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்பதால் வருடத்துக்கு 39 பவுண்டு 60 பென்ஸ். துப்பாக்கி, தொலைநோக்கிக்குத் தேய்மானம், தோட்டா, பெட்ரோல் எல்லாம் மேலே.

எஸ்டேட்டுக்காவது லாபமா என்றால், பல இடங்களில் வேட்டை வருமானம் செலவுக்கே போதாது. பிறகு ஏன் நடத்துகிறார்கள்? எஸ்டேட்டின் விற்பனை விலையையே வருடத்துக்கு எத்தனை கொம்பு மான் சுடலாம் என்பதை வைத்துத்தான் வெகுகாலம் மதிப்பிட்டார்கள். மான் குறைந்தால் அடமான மதிப்பு குறையும். ஆக மலையில் மான் நிறைய இருக்க வேண்டும். ஓநாய்கள் அழிந்து முந்நூறு வருடம் ஆகப்போகிறது. விளைவு, ஸ்காட்லாந்தில் எல்லா வகை மானும் சேர்த்து 10 லட்சம் வரை இருக்கலாம் என்று 2020-ல் ஓர் அரசுக் குழு சொன்னது. முளைக்கிற மரக்கன்றை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. இப்போது அரசாங்கமே சுடுங்கள் என்கிறது. 2023-ல் ஆண் மானுக்கு இருந்த தடைக்காலத்தையும் எடுத்துவிட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வாழும் நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் அங்கே மானைச் சுடாவிட்டால் காடு இல்லை.

நிலத்தின் கணக்கும் கொஞ்சம் நேராகியிருக்கிறது. பார்க் பகுதியில் கிராமங்கள் இருக்கும் நிலத்தை 2015-ல் ஊர் மக்களின் டிரஸ்டே வாங்கிவிட்டது, பத்து வருடத்துக்கு மேல் போராடி. பக்கத்தில் அந்தப் பழைய மான் காடு இன்னமும் தனியார் வேட்டை எஸ்டேட்தான்.

எஸ்டேட் பேரேட்டில் குத்தகையும் கூலியும் நாய் வரியும் பைசா சுத்தமாக இருக்கும். கனடாக் கப்பலில் ஏறியவர்களுக்கு அதில் தனிப் பக்கம் கிடையாது. மும்பையில் இருக்கிறவர்கள் அடுத்த முறை ஜேஜே ஃப்ளைஓவரில் போகும்போது, பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிக் கதையோடு அந்தத் தீவின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.