உம்மு காலித் பெற்ற ஆடை

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில் அபிசீனியாவிலிருந்து மதீனா வந்தடைந்தவர்களுள் காலித் பின் ஸயீத் (ரலி) அவர்களின் குடும்பமும் ஒன்று. மகள் உம்மு காலித் பிறந்ததே அந்நாட்டில்தான்.

நபி (ஸல்) அவர்களிடம் வந்த ஆடைகளுள் வேலைப்பாடுடைய சிறிய கறுப்பு ஆடையும் இருந்தது. யாருக்கு அளிக்கலாம் என வினவினார்கள், தோழர்கள் மௌனமாயிருந்தனர். அச்சிறுமியை வரவழைத்துத் தம் கையாலேயே அணிவித்து, அது நைந்துபோகும்வரை உடுத்துமாறு வாழ்த்தினார்கள். வேலைப்பாட்டைச் சுட்டி, "ஸனா" என்றார்கள். அபிசீனிய மொழியில் அழகு என்பது அதன் பொருள். அவள் பிறந்த மண்ணின் சொல் அது!

இதனைப் பிற்காலத்தில் அறிவித்தவரும் உம்மு காலித் (ரலி) அவர்களே. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

பத்து, பதினொரு வயதுப் பெண்மக்களுக்குப் பரிசு தேடும் நாம் விலையையே முதலில் பார்க்கிறோம். அவர்கள் உள்ளம் அறிந்து தேர்ந்து, நம் கையாலேயே துஆவுடன் அளிப்போமாக.