முத்துக்குளித்துறையில் இளையோர் மறைக்கல்வி: ஒப்பித்தலும் பொருளுணர்தலும்

கத்தோலிக்க இளையோர்க்குச் சமய அறிவூட்டும் பணியைத் தமிழ்க் கிறித்தவர் முன்னாளில் ‘ஞானோபதேசம்’ என்றனர். இன்று ‘மறைக்கல்வி’ என்கின்றனர். பெயர் மாறினும் இக்கல்வியைத் தொடர்ந்துவரும் சிக்கல் மாறவில்லை. மன்றாட்டுகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் இளையோர் அவற்றின் பொருளை உணர்கின்றனரா என்பதே அது. இச்சிக்கலின் தொடக்கத்தைப் 16ஆம் நூற்றாண்டின் முத்துக்குளித்துறையில் காண்கின்றோம்.

1536, 1537ஆம் ஆண்டுகளில் அக்கரையோரப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியமையே இதற்கு உடனடிக் காரணமாகும். முறையாகக் கற்பிப்பார் இன்றி ஆண்டுகள் கழிந்தன. 1542இல் அங்குச் சென்ற பிரான்சிஸ் சவேரியார், தாம் கிறித்தவர் என்பதற்கு மேல் அம்மக்கள் எதனையும் அறிந்திருக்கவில்லை எனக் கண்டார். அவர் கையாண்ட முறையை, 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடல் விரிவாகக் கூறுகின்றது. இருமொழி அறிந்தாரைக் கூட்டிப் பல நாள் உழைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கினார். அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று, சிறுவரையும் பெரியோரையும் திரட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார்.

ஈண்டு நம் கருத்தை ஈர்ப்பது அவர் அடுத்துச் செய்ததாகும். கற்ற சிறுவர் தம் பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பித்தல் வேண்டும் எனப் பணித்தார். நோயுற்றோர் அழைத்தபோது தமக்கு மாற்றாக அவர்களையே அனுப்பினார். இவ்வாறு இளையோர் கற்போராக மட்டுமன்றிக் கற்பிப்போராகவும் ஆயினர். இம்முறைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. உருவ வழிபாட்டிற்குச் சென்ற பெற்றோரை அச்சிறுவர் கடிந்து பேசி, அச்செய்தியை அவரிடம் வந்து உரைத்தனர். உருவங்களை உடைக்கவும் முன்நின்றனர். சவேரியார் இதனை மகிழ்ச்சியோடு எழுதுகின்றார். நாம் அம்மகிழ்ச்சியில் பங்குகொள்ள இயலவில்லை. பிள்ளைகளைக் கொண்டு பெற்றோரை வேவுபார்ப்பதைக் கல்வி எனல் அரிது.

மொழியும் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. அதே 1544இல் உடன்பணியாளர் மான்சில்லாசுக்கு எழுதிய மடலொன்றில், விசுவாச அறிக்கையில் ஒரு திருத்தம் செய்யுமாறு கூறுகின்றார். ‘நம்புகிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் புகுந்திருந்தது. அதனை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு பணித்தார். அதுவரை கரையோரச் சிறுவர் ‘கடவுள் எனக்கு வேணும்’ என்றே ஓதிவந்தனர். வீடுதோறும் சென்று அதனையே கற்பித்தும் வந்தனர். பக்தி இலக்கியத்தில் தோய்ந்த நமக்கு இது பிழையாகத் தோன்றாமலும் போகலாம். ஆயினும் இறையியலில் விழைவு வேறு, விசுவாசம் வேறு. மனப்பாடம் எத்துணை விரைவாகப் பரவுமோ, அத்துணை விரைவாகப் பிழையும் பரவும் என்பதற்கு இச்சிறு சொல் சான்றாகின்றது.

இக்குறையைக் களைந்தவர் என்றிக்கே என்றீக்கசு அடிகளார். 1546இல் இந்தியா வந்த இவர், தமிழை முயன்று கற்று, போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு இலக்கணமும் வரைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான இவரது ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்டது. அதன் அச்சுச் சிறப்பை அறிஞர் பலரும் எழுதியுள்ளனர்; கல்வி வரலாற்றில் 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் நூலையே நாம் மேலானதாகக் கருதுகின்றோம். மார்க்கோசு ஜோர்ஜ் என்பாரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவிய அது, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையிலான வினாவிடையாக அமைந்தது. வினாவிடையையும் ஒப்பிக்கலாம் என்பது உண்மையே. எனினும் வினா ஒன்று எழும்போதே, அதன் பொருளை விளக்கும் கடமை ஆசிரியர்க்கு வந்துவிடுகின்றது.

பதின்ம வயதினரைத் தனியே கருதும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. அவர்களை மறைக்கல்வியில் நிறுத்தி வைத்தவற்றுள் ஒன்று முதல் நற்கருணைக்குரிய வயது. பல நாடுகளில் அது 10, 12, 14 என அமைந்திருந்தது. 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் அதனை ஏறத்தாழ 7 எனக் குறைத்தார். குழந்தைகளுக்கு இது பேறு. பதின்ம வயதினரோ வகுப்பிற்கு வரும் காரணமொன்றை இழந்தனர். உறுதிபூசுதலுக்கான ஆயத்தமே பல பங்குகளில் அவ்விடத்தை நிரப்பிற்று. சமயக் கல்வி இல்லாத பொதுப் பள்ளிகளில் பயிலும் இளைஞர்க்குத் தனி வகுப்புகள் வேண்டும் என 1905இலேயே அத்திருத்தந்தை பணித்திருந்தார். அப்பணிப்பு நம் நாட்டிற்கும் பொருந்துவதாகும். மலேசியத் தேசியப் பள்ளிகளில் முஸ்லிம் அல்லாத மாணவர்க்கு நன்னெறிக் கல்வியே பாடம். எனவே பங்கின் ஞாயிறு வகுப்பே அவர்களது மறைக்கல்விக்கு முதன்மைக் களமாகின்றது. சவேரியார் 1545இல் மலாக்காவிற்கு வந்தபோது அங்கும் சிறுவர்க்கு மறை கற்பித்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் வகுப்பு நடக்கும் பங்குகளில், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் வழங்கும் மாணவனை எவ்வகுப்பில் அமர்த்துவது என்னும் வினா இன்றும் மறைக்கல்வி ஆசிரியர்முன் நிற்கின்றது.