ஆயிரம் ரூபாய் வந்த வழி

முதலில் ஒரு ரூபாய்தான் கிளம்பியது. 2023 செப்டம்பரில், மாதம் ஆயிரம் ரூபாய் என்ற கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்த பெண்களின் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அரசு அனுப்பிய ரூபாய் அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று வாய்க்காலைப் பார்ப்பதுபோல ஒரு சோதனை. செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் முதல்வர் ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆயிரம் ரூபாய் அதுவரை பொறுக்கவில்லை. முந்தைய நாளே பலர் கணக்கில் ஏறிவிட்டது.

தஞ்சைப் பக்கத்து ஊர்களில் இந்தப் பணத்தின் பயணம் தொடங்கியது ரேஷன் கடையில். விண்ணப்பமும் டோக்கனும் அங்கிருந்துதான் வீடுவீடாகப் போயின. நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் கிடையாது என்பது விதி. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெரும்பாலான ஊர்களில் அந்த ரேஷன் கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கம், ஊரார் வாயில் 'சொசைட்டி'. யூரியா அங்கே, பயிர்க்கடன் அங்கே, அவசரத்துக்குச் சங்கிலியை வைப்பதும் அங்கே. ஆயிரம் ரூபாயும் அங்கேயே வந்து இறங்கினால் எவ்வளவு சௌகரியம்!

இறங்காது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் உறுப்பினரிடம் டெபாசிட் வாங்கும், கடன் கொடுக்கும். ஆனாலும் சட்டப்படி அது வங்கி அல்ல. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெயர்ப்பலகையில் 'வங்கி' என்று எழுதிக்கொள்ளவும் வழியில்லை. சென்னைக் கருவூலத்திலிருந்து கிளம்பும் பணம், மின்வழியில் மத்திய கூட்டுறவு வங்கி வரைக்கும்தான் வரும். தஞ்சையில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று என அவை இருக்கின்றன. எந்த வங்கியிலும் கணக்கில்லாத பெண்களுக்கு இருப்புத்தொகை கேட்காத கணக்கைக் கூட்டுறவு வங்கிகள் தொடங்கிக் கொடுத்தன. 1904-இல் திரூரில் முதல் கடன் சங்கம் தொடங்கிய மாநிலம் இது. ஆனாலும் ஊருக்கு வரும் வழியின் கடைசிப் படியில் பணம் நின்றுவிடுகிறது.

கடைசிப் படியை முன்பு தபால்காரர் தாண்டிவிடுவார். 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை வெகுகாலம் மணியார்டரில்தான் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து கைநாட்டு வாங்கி, நோட்டை எண்ணிக் கொடுத்து, காபிக்கென்று கொஞ்சம் வாங்கிக்கொண்டு போவார். அந்தக் காபிக்காசுக்கு முடிவு கட்டியது மின்வழி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திண்ணையும் போய்விட்டது; பணம் எடுக்க வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் கிளைக்குப் போகச் செலவில்லை. அரைநாள் கூலி மட்டும் போகும். நடவு நேரத்தில் அது சின்ன விஷயமல்ல.

வழியில் கசிவும் இருந்தது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஆயிரத்தில் கை வைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஏழைக்கு வந்த பணத்தில், ஏழையாக இருப்பதற்கு அபராதம்! இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு குழப்பம் ஆதார். நூறு நாள் வேலைக் கூலி 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் என்றாகிவிட்டது. அந்த வழியில் பணம் தேடிப் போவது கணக்கு எண்ணை அல்ல; ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கியை. நகைக்கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தால், கூலி சத்தமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடும். பழைய வங்கியில் பாஸ்புக்கைப் பிரிண்டரில் செருகினால் ஒரு வரிகூட ஏறாமல் திரும்பி வரும். "வரலைம்மா" என்பார் கவுன்ட்டரில் இருப்பவர். அவர் சொல்வது பொய்யில்லை.

நாடு முழுக்க 63,000 கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒன்றிய அரசு 2022-இல் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கணினி வந்த சங்கத்தில், மத்திய கூட்டுறவு வங்கியின் சார்பில் விரல் ரேகை வைத்துப் பணம் கொடுக்கும் சின்ன இயந்திரம் ஒன்றையும் வைக்க வேண்டும். அரிசி வாங்க வந்தவர் ஆயிரத்தையும் வாங்கிக்கொண்டு போவார்.

அதுவரை, புதிய கணக்குத் தொடங்கும் பெண்கள் ஆதார் இணைப்புப் படிவத்தில் கையெழுத்திடும் முன், உதவித்தொகை இனி எந்த வங்கிக்குப் போகும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இப்போது எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், செல்போனில் ஓ.டி.பி. வந்தால் போதும்.