சிறை மீண்டோர் மறுவாழ்வு (மாட்டுப்பட்டி வட்டாரம்)

தண்டனை முடித்து ஊர் திரும்புபவர் வேலை, வீடு, உறவு மூன்றையும் திரும்பப் பெற முயலும் நிலை. இடுக்கி மாவட்டம் மாட்டுப்பட்டி, மூணாறு தேயிலைத் தோட்டங்களில் இதன் முடிச்சு லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டை வேலையோடு பிணைத்தது. வேலை போனால் கூரையும் போகும். மனைவியோ மகனோ தோட்டத்தில் வேலை பார்த்தால் ஒண்ட இடமுண்டு. ஒரே சுவரைப் பங்கிடும் லயத்தில் பழைய வழக்கை மறைப்பதும் எளிதல்ல. கேரளத்தில் நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை 1962 முதல் கைதிகளை விவசாயத்தில் பழக்குகிறது. தோட்ட வேலைக்கு அது உத்தரவாதமல்ல. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தண்டிக்கப்பட்டதால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தையில் விடப்பட்டவருக்கே அச்சலுகை.