தனித்தனியா பாஸ், சேர்த்து வச்சா ஃபெயில்: விமானக் கருவிகளுக்கு எதுக்கு கூட்டுச் சோதனை?

ஒரு விமானக் கருவியைக் கொதிக்கும் சூட்டில் வைத்தார்கள், தாங்கியது. உறையும் குளிரில் வைத்தார்கள், தாங்கியது. குலுக்கிப் பார்த்தார்கள், அதையும் தாங்கியது. 'அப்புறம் என்ன, மாட்டிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். சிக்கலே அங்கேதான். வானத்தில் இவை ஒவ்வொன்றாக வரிசையில் வருவதில்லை.

மேலே போனால் என்ன ஆகும்?

மழைக்கால மும்பையில் கிளம்பும் விமானம், சுமார் அரை மணி நேரத்தில் 35,000 அடி உயரத்தில் இருக்கும். வெளியே மைனஸ் 50 டிகிரியை ஒட்டிய குளிர். காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். வெளிப்பகுதியில் உள்ள கருவிக்குள் புகுந்த ஈரம் உறைந்து விரியும். அதிர்வைத் தாங்க வேண்டிய ரப்பர் அதே குளிரில் விறைத்துவிடும். காற்று மெலிந்திருப்பதால் மின்சாதனங்களின் சூடும் சரியாக வெளியேறாது. ஒன்றின் பாதிப்பை இன்னொன்று கூட்டிவிடுகிறது.

சேலஞ்சரில் நடந்தது என்ன?

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறியது. 7 பேர் உயிரிழந்தனர். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். ராக்கெட்டைப் பற்றவைத்ததும் அழுத்தத்தில் மூட்டு லேசாக விரியும். வளையமும் உடனே விரிந்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். அன்று வெப்பநிலை சுமார் 2 டிகிரிதான். விறைத்த வளையத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குளிரும் அழுத்தமும் ஒரே நொடியில் சேர்ந்ததுதான் வினை.

எப்படிச் சோதிக்கிறாங்க?

வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் மாற்றக்கூடிய மூடிய அறை; அதற்குள் அதிர்வு மேசை. அதில் கருவியைப் பொருத்தி, இயங்கும் நிலையிலேயே சோதிப்பார்கள். ஏன் இயக்கணும்? சில கோளாறுகள் அந்த நேரத்தில் மட்டுமே தலைகாட்டும். வெளியே எடுத்ததும் மறைந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 தரநிலையில் இதற்கென்றே 520 என்ற எண்ணில் தனி முறை இருக்கிறது. இஸ்ரோவும் செயற்கைக்கோள்களை வெற்றிட அறையில் வைத்து, சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கிறது.

அப்போ தனிச் சோதனை வேண்டாமா?

வேணும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும்போது கருவி பழுதானால், எதனால் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். செலவும் அதிகம். அதனால் தனிச் சோதனை முதலில், கூட்டுச் சோதனை பிறகு.

அடுத்த முறை 'எல்லா சோதனையிலும் வெற்றி' என்ற செய்தியைப் படித்தால், ஒரு கேள்வி கேளுங்க: தனித்தனியாகவா, சேர்த்தா?