பேஸ் கிட்டாரின் ஒலியும் பீங்கான் காந்தமும்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான். அங்கே பொம்மைகளும் அகல்விளக்குகளும் செய்யப்படுகின்றன. வீட்டு மின்பலகையில் செருகும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் அங்கே தயாராகிறது என்பதைப் பலர் கவனித்ததில்லை. பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலடுக்கில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்குத் துணையாக அமைந்தது. ஃபியூஸ் கட்டைக்குப் பீங்கான் பயன்படக் காரணம், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதே. காந்தமாகவே நிற்கக்கூடிய வேறொரு வகைப் பீங்கானும் உண்டு. ஃபெரைட் எனப்படும் அந்தப் பீங்கான், மின்சார பேஸ் கிட்டாரின் வரலாற்றில் இரண்டு இடங்களில் நுழைந்தது. ஒன்று கிட்டாருக்குள், மற்றொன்று அதைக் கேட்பவரின் வானொலிப் பெட்டிக்குள்.

ஃபெரைட்டில் களிமண் கிடையாது. ஆனால் அதன் செய்முறை சூளைத் தொழிலாளிக்கு அந்நியமானதல்ல. இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டுடன் கலந்து சுடப்படுகிறது. சுட்டதை மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி, ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மீண்டும் சுடுகிறார்கள். பானையைப் போலவே அதுவும் சுடும்போது சுருங்கும். கீழே போட்டால் உடையும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருந்த பிலிப்ஸ் ஆய்வகம் இவ்வகைக் காந்தத்தை 1952-இல் ஃபெராக்ஸ்டியூர் என்ற பெயரில் அறிவித்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1951-இல், கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். அதுவரை இசைக்குழுக்களில் கீழ்ச் சுரங்களை வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. டிரம்பெட்டும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் அதன் ஒலி காதில் விழாது. ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டக்கூடியது. விரற்பலகையில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் சுரம் துல்லியமாக விழும். பிரிசிஷன் என்ற பெயர் அதனால் வந்தது. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். அந்த அளவே இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு.

இக்கருவியின் ஒலி மரத்திலிருந்து நேரே வருவதில்லை. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்றொரு உறுப்பு இருக்கிறது. அது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் கொண்டது. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது. செம்புச் சுற்றில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஃபெண்டர் பயன்படுத்திய காந்தம் அல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் முதலியவை கலந்த உலோகம். இந்தக் கோபால்ட்தான் பின்னால் சிக்கலாயிற்று.

உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு அன்றைய ஜயரில், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், ஷாபா மாகாணத்திலிருந்து வந்தது. 1977, 1978 ஆண்டுகளில் அங்கே நடந்த சண்டைகளால் விலை தாறுமாறாக ஏறியது. ஸ்பீக்கர் செய்தவர்கள் அல்னிகோவைக் கைவிட்டு ஃபெரைட்டுக்கு மாறினார்கள். பழுதான ஸ்பீக்கரைப் பிரித்த சிறுவர்கள் ஆசையாக எடுத்து வைத்துக்கொள்ளும், உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள கறுப்பு வளையம் அந்தப் பீங்கான்தான்.

கிட்டார் பிக்கப்புக்குள்ளும் ஃபெரைட் புகுந்தது. அமெரிக்காவின் டிமார்சியோ நிறுவனம் பிரிசிஷன் பேஸில் மாற்றிப் பொருத்துவதற்கென்றே பீங்கான் காந்த பிக்கப் செய்தது. மறுபுறம், விலை குறைந்த கிட்டார்களிலும் செலவைக் குறைக்கப் பீங்கான் காந்தமே வைக்கப்பட்டது. அதனால் "அல்னிகோ இனிமை, பீங்கான் கரகரப்பு" என்றொரு வழக்கு வாசிப்பவர்களிடையே நிலைத்துவிட்டது. இது பாதி உண்மைதான். பிக்கப்பின் குணத்தைக் காந்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. செம்புக் கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சுற்றுகள் கூடினால் ஒலி வலுக்கும், உச்ச ஒலிகள் மங்கும். கரகரப்பு என்று புகார் சொல்பவர் முதலில் ஒரு திருப்புளியால் பிக்கப்பைச் சற்றுத் தாழ்த்திப் பார்க்கலாம். செலவில்லாத வைத்தியம் அது.

டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் சிறு கெபாசிட்டரும் பல கிட்டார்களில் பீங்கானே. பொதுவாக அதன் அளவு 0.047 மைக்ரோஃபாரட். இங்கே பீங்கானா, எண்ணெய்த்தாளா என்ற வாதத்தில் பொருளில்லை. ஒலியை மாற்றுவது அந்த அளவுதான்.

கம்பிகளுக்குத் தனி வரலாறு உண்டு. தொடக்கத்தில் இருந்தவை தட்டைச் சுற்றுக் கம்பிகள். வழவழப்பானவை, ஒலி சற்று மந்தம். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அவற்றையே விரும்பினார், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். 1960-களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலுடன் சேர்ந்து உருண்டைச் சுற்றுக் கம்பியைச் செம்மைப்படுத்தியது. பியானோவின் கீழ்க்கட்டை போன்ற கணீரொலி பேஸ் கிட்டாருக்கு வந்தது அப்போதுதான். ஆனால் அந்தக் கணீர் சில வாரங்களில் மங்கிவிடும். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த இந்தியாவில் 1991-க்கு முன் வெளிநாட்டுக் கருவிகளும் கம்பிகளும் எளிதில் கிடைப்பவையல்ல. பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு, விரலழுக்கை நீக்கி மறுபடி பூட்டுவது உலகெங்கும் கைச்செலவுக்கு அஞ்சிய வாசிப்பாளர்களின் உபாயம்.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டாருக்கு முகம் கொடுத்தவர் இளையராஜா. 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவர், 1980-களுக்குள் அக்கருவியைத் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வேலையிலிருந்து விடுவித்தார். 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' போன்ற பாடல்களில் பேஸ், பாடுபவரின் மெட்டுக்குக் கீழே தனக்கென ஒரு மெட்டைக் கொண்டு நடக்கிறது. வாசித்தவர்களில் முதன்மையானவர் சசிதரன். ஜேமர்சன் தம் வரியைப் பெரும்பாலும் தாமே புனைந்து வாசித்தார். சென்னை ஒலிப்பதிவுக் கூடத்திலோ இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் சுரத்தை எழுதிக் கொடுத்தார். ஆகவே இங்கே வாசிப்பவரின் கையில் எஞ்சியது ஒலியின் குணம்: எந்த இடத்தில் மீட்டுவது, எவ்வளவு நேரம் நீட்டுவது, எப்போது உள்ளங்கையால் அமுக்குவது.

அந்தப் பாடல்களை மக்கள் கேட்டது எதில்? டீக்கடை வானொலியில், கையடக்க டேப் ரிக்கார்டரில், பேருந்தின் கூரை ஸ்பீக்கரில். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த திறந்த கம்பியின் அதிர்வு நொடிக்கு 41.2. நான்கு அங்குலத் தாள் ஸ்பீக்கர் 150-க்குக் கீழே திணறும். கணக்குப்படி விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் நின்ற ஒருவருக்கு அந்தச் சுரம் கேட்டிருக்கவே கூடாது. ஆனால் கேட்டது.

காரணம் காதில் இருக்கிறது. கம்பி முழுதாக அதிரும்போதே பாதியாக, மூன்றிலொன்றாக, நான்கிலொன்றாகவும் அதிர்கிறது, 82.4, 123.6, 164.8 என்று மேல் அதிர்வுகள் கூடவே பிறக்கின்றன. சிறிய ஸ்பீக்கர் அடிச்சுரத்தை விழுங்கிவிட்டாலும், மேலே உள்ளவற்றின் இடைவெளியைக் கொண்டு மூளை அந்த அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஜெர்மானியரான ஆகஸ்ட் சீபெக் 1840-களிலேயே இதைச் சோதனையில் கண்டார். அன்று அதை ஏற்காதவர்களே அதிகம். சுமார் நூறாண்டுக்குப் பின் விளக்கத்தை முன்னெடுத்தவர் யான் ஸ்கௌட்டன். அவர் வேலை பார்த்ததும் ஐந்தோவனின் பிலிப்ஸ் ஆய்வகத்தில்தான். சின்ன ஸ்பீக்கருக்கு மலிவான காந்தமும், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்பதற்கான விளக்கமும் ஒரே கூரையின் கீழ் பிறந்தன.

ஒலியை வடிவமைப்பவருக்கு இதில் பாடம் உண்டு. அடியொலிக் குமிழை மட்டும் திருகினால் பெரிய அரங்கில் தரை அதிரும். சிறிய ஸ்பீக்கரில் வெறும் உறுமல்தான் மிஞ்சும். மேல் அதிர்வுகள் இருந்தால்தான் சுரம் அடையாளம் தெரியும். அவற்றைக் கூட்டப் புதுக் கம்பி உதவும். பிரிட்ஜுக்கு அருகே மீட்டுவதும் உதவும். இளையராஜாவின் பேஸ் வரிகள் பல, மேல் கம்பிகளுக்கு ஏறி இறங்குபவை. டீக்கடையிலும் அவை தப்பிப் பிழைத்ததற்கு அது ஒரு காரணம்.

1990-களில் கேட்கும் இடம் மாறியது. ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' (1992) தாழ்ந்த ஒலிகளுக்குப் புதிய பழக்கத்தை உண்டாக்கியது. அவரது பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸ் கிட்டார் தனியாகக் கவனிக்கப்பட்டது. 'குருதிப்புனல்' (1995) டால்பி ஒலியோடு வந்தது. தியேட்டர்களில் பெரிய ஸ்பீக்கர்கள் ஏறியதும் 41.2 அதிர்வும் நெஞ்சில் நேராகவே தட்டியது.

இப்போது பாட்டு கைப்பேசிக்குள் போய்விட்டது. அதன் ஸ்பீக்கர் டீக்கடை வானொலியினுடையதைவிடச் சிறியது. அதற்குள் பீங்கான் வளையத்துக்கு இடமில்லை. நியோடிமியக் காந்தத் துணுக்கு ஒன்று அந்த வேலையைப் பார்க்கிறது. பேஸ் வரியின் பெரும்பகுதியை அங்கேயும் காதுதான் வாசித்து முடிக்கிறது.