பெயருக்குள் ஓர் ஆலமரம்

சிங்கப்பூரின் தேக்கா என்பது ஹொக்கியன் சீனர்களிடமிருந்து நமக்கு வந்த பெயர். 'தெக்' என்றால் மூங்கில், 'கா' என்றால் கால், அடி. ஆலடி, அரசடி, புளியடி என்று நம் ஊர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அதே முறை. ரோச்சோர் கால்வாயோரம் நின்ற மூங்கில்கள் எப்போதோ போய்விட்டன.

அங்கிருந்து சிராங்கூன் சாலையோடு நடந்து, வீரமாகாளியம்மனையும் சீனிவாசப் பெருமாளையும் தாண்டிப் போனால் 555ஆம் எண்ணில் இன்னொரு காளி இருக்கிறாள்: ஸ்ரீ வடபத்திர காளியம்மன். 1830இல் ஒரு பெண் இங்கே ஆலமரத்தடியில் அம்மன் படம் ஒன்றை வைத்து வணங்கத் தொடங்கினாள் என்று கோயில் வரலாறு சொல்கிறது. கட்டடம் எழும்பியது நூறாண்டு கழித்து, 1930களில். அதுவரை மரம்தான் கோயில்.

இந்தப் பெயரை எங்கே பிரிப்பது? 'வட' என்பதை வடக்கு என்று எடுத்தால், வடக்கே இருக்கும் பத்திரகாளி. 'பத்ர' என்னும் வடசொல்லுக்கு மங்கலம், நலம் என்று பொருள். "பத்திரமாப் போயிட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்புகிறோமே, அந்தப் பத்திரமும் இதுதான். ஊரின் வட எல்லையில், வடக்குப் பார்த்து அமர்வது காளிக்கும் பிடாரிக்கும் வழக்கம். தஞ்சாவூரிலும் ஒரு வடபத்திரகாளி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்ததும் நிறுவிய நிசும்பசூதனி இவளே என்று பலர் கருதுகிறார்கள். சொல்லாராய்ச்சிக்காரர் இந்தப் பக்கம்தான் சாய்வார். சாய்வதற்கு நியாயமும் இருக்கிறது.

ஆனால் 'வடம்' என்றால் ஆலமரம். தமிழில் 'பத்ர' போலவே ஒலிக்கும் 'பத்ர' இன்னொன்றும் உண்டு. அதற்கு இலை என்று பொருள். எழுதும் ஏடாகி, நிலப்பத்திரமாகவும் பத்திரிகையாகவும் நம் வீட்டுக்குள் வந்தது அந்த இலைதான். ஆலிலையில் துயிலும் பெருமாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்திரசாயி என்கிறோம். வடமொழியில் மங்கலத்தின் 'ப' வேறு, இலையின் 'ப' வேறு. தமிழில் இரண்டுக்கும் ஓரெழுத்து. அதனால் 'வடபத்திர' என்று எழுதியதும் வடக்கும் ஆலும், மங்கலமும் இலையும் ஒரே பலகைக்குள் வந்துவிடுகின்றன.

காளிக்கும் ஆலுக்கும் பழைய உறவு. சிவனோடு அவள் போட்டியிட்டு ஆடிய தலம் திருவாலங்காடு, வடமொழியில் வடாரண்யம். விஜயாலயன் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகளும் அந்தத் திருவாலங்காட்டில் கிடைத்தவைதான். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இன்னும் பின்னால் போனால் நற்றிணை. அதன் 343ஆம் பாட்டில் ஒரு சிற்றூர்த் தெரு. நீண்ட விழுதுகள் தொங்கும் ஆலமரம். மாடுகள் அந்த விழுதுகளில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போகின்றன. அடியில் படைத்த பலிச்சோற்றைக் காக்கை தின்கிறது. அந்த மரத்துக்குப் புலவர் கொடுக்கும் பெயர் கடவுள் ஆலம். தெய்வம் கட்டடத்துக்குள் போகுமுன் இருந்த இடம் அது. 1830இல் கடல் கடந்து வந்த ஒரு பெண், தெரியாத மண்ணில் தெய்வத்தைத் தேடியதும் அங்கேதான்.

மரத்துக்குள் ஆவி உண்டு என்பதை ஜப்பானியர் பெயராகவே வைத்திருக்கிறார்கள். கொதமா: 'கோ' மரம், 'தமா' ஆவி. ஓவியர் தொரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட பேயுருவப் படநூலில் அது பைன் மரத்தோடு தோன்றும் முதிய ஆணும் பெண்ணுமாக வருகிறது. அதே சொல்லுக்கு எதிரொலி என்றும் பொருள். மலைக்காட்டில் கூப்பிட்டால் திரும்ப வரும் குரல், மரத்திலிருப்பவர் தரும் பதில் என்று நம்பினார்கள். 1958இல் தோக்கியோவுக்கும் ஓசாக்காவுக்கும் இடையே ஒரே நாளில் போய்த் திரும்ப வசதியாக விட்ட விரைவு ரயிலுக்கு அந்த எதிரொலியின் பெயரைத்தான் வைத்தார்கள். அவர்கள் பெயரில் ஆவியும் குரலும் நின்றன. நம் பெயரில் இலை நின்றது. ஐரோப்பியர் கண்ணுக்கோ ஆலின் நிழலில் கடை விரித்த பனியா வணிகர்கள்தான் பட்டார்கள். 'பேனியன்' என்ற ஆங்கிலப் பெயர் அவர்களால் வந்தது.

வடபத்திரகாளி விஷயத்தில் நான் ஆலின் பக்கம். தஞ்சைக்கு வடக்கு பொருந்தலாம். சிராங்கூன் சாலையில் அந்தப் பெயரை முதலில் கேட்டவர்கள் கண்முன் நின்றது மரம்.

மரத்தில் தெய்வத்தைக் காணும் வழக்கம் சிங்கப்பூரில் அற்றுப்போகவில்லை. 2007இல் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு மரப்பட்டையில் குரங்கு உருவம் தெரிகிறது என்று கூட்டம் கூடியது. சீனர்கள் அதைக் குரங்குக் கடவுள் சுன் வுகோங்காகவும், இந்துக்கள் அனுமனாகவும் கும்பிட்டார்கள். மலாய்க்காரர்கள் இப்படி ஓரிடத்தில் உறையும் ஆவியைப் 'பெனுங்கு' என்பார்கள். 'துங்கு' என்றால் காத்திருத்தல். பெனுங்கு என்றால் காத்திருப்பவர், காவலிருப்பவர்.

ஈசூனில் உள்ள பாலசுப்பிரமணியர் கோயிலில் மரம் பெயரின் முன்னாலேயே நிற்கிறது: புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். செம்பவாங் கடற்படைத் தள வட்டாரத்தில், 1960களில், ஒரு மரத்தடியில் தொடங்கிய முருக வழிபாடு அது. பிறகு கோயில் ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம் மாறியது. மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாதே, பெயரைக் கொண்டுவந்தார்கள். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் குடும்பங்கள் முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்வது குறைவு. "புனித மரத்துக்குப் போறோம்" என்றுதான் சொல்கிறார்கள்.